அஞ்சலாட்சி மடியில் இருந்த கேரியர்

அந்த டிபன் கேரியரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நாலு அடுக்கு எவர்சில்வர் கேரியர். அதைச் சுற்றி ஓர் ஈரத் துண்டு. எங்கள் வேனின் கடைசி சீட்டில், வெயில் படாத பக்கமாக, அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். பெயர் அஞ்சலாட்சி. தாழங்குடாக்காரர். கடலூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். காலையில் சில்வர் பீச்சில் வண்டி ஏறியதிலிருந்து அந்தக் கேரியரைக் கீழே வைக்கவில்லை. திறக்கவில்லை. வாயையும் திறக்கவில்லை.

முன் சீட்டில் மைக்கோடு நான். எனக்கு வாய் மூடவே இல்லை.

எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் என் வீட்டுக்காரர். கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைப்பதா, வைத்தால் அவர்கள் தப்பாக நினைப்பார்களா என்று யோசித்து யோசித்து, அதைக் கையிலேயே கசக்கிக்கொண்டு வந்தார்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது ஒரு சுற்றுலா வண்டி. கண்ணாடியில் ‘கடலூர் – பிச்சாவரம், ஒரு நாள் கடலோரச் சுற்றுலா’ என்று ஸ்டிக்கர்கூட ஒட்டியிருக்கிறது. உண்மையில் அன்றைக்கு உள்ளே நடந்தது என் மகளின் கல்யாணப் பேச்சு. அஞ்சலாட்சி அம்மாளின் மகனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அவள் நின்றாள். அந்த அம்மாள் சரி என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கடற்கரை முழுக்க வண்டி ஓட்டினோம்.

மைக் வந்த கதை

இந்தப் பத்தியில் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, “நீங்கள் வழிகாட்டியா, வாயாடியா?” என்று கேட்டு எழுதியிருக்கிறார். அம்மா தாயே, இரண்டும் ஒரே வேலைதான்.

சிதம்பரத்தில் நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் வந்தது, மிஷின்களுக்குத் துணி போட்டு மூடினேன். என் வீட்டுக்காரருக்குத் தெற்கு வீதியில் பாத்திரக் கடை. கடையில் போய் உட்காரலாம் என்று பார்த்தால், வருகிற கூட்டத்திடம் நான் பேசுகிற பேச்சில் அவர்கள் வாங்க வந்ததையே மறந்துவிட்டுப் போகிறார்கள் என்று இவர் புலம்பினார். அந்தக் கோபத்தில்தான் வேன் வாங்கினேன். பேசுவதையே தொழிலாக்கிக் காட்டுகிறேன் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வாங்கினேன்.

பறவை பேரெல்லாம் அண்ணாமலை நகர் லாட்ஜில் தங்கிப் படித்த பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தேன். கூழைக்கடா, நீர்க்காகம், பூநாரை, செம்பருந்து. அவற்றை அடையாளம் தெரிகிறதோ இல்லையோ, பேர் தெளிவாகச் சொல்ல வரும்.

என் தொழிலில் எனக்கு ஒரே ஒரு முறைதான். காலையில் வண்டி கிளம்பும்போதே எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். ஓட்டலில் உட்கார்ந்ததும் சர்வர் மூச்சு விடாமல் இட்லி வடை பொங்கல் என்று அடுக்குவார் இல்லையா, அதே மாதிரி. இன்னின்ன மிருகம், இன்னின்ன பறவை, இந்த இடத்தில் ஆமை, அந்த இடத்தில் நீர்நாய். ஆசை காட்டிவிட்டால், ஒன்றும் வராவிட்டால்கூட நாள் முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வருவார்கள்.

ஒரு தடவை படகில் போகும்போது, தில்லை மரத்துப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கு ஆபத்து என்று சொல்லி வைத்தேன். சேலத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் அந்த நிமிஷம் கண்ணை மூடியவர்தான், படகு திரும்பிக் கரைக்கு வரும்வரை திறக்கவில்லை. இறங்கியதும், எல்லாம் அருமையாக இருந்தது என்று கைகூப்பினார். என் பேச்சுக்கு அவ்வளவு மகிமை.

தில்லை என்றதும் இன்னொன்று. எங்கள் ஊருக்குத் தில்லை என்றுதான் பழைய பேர். ஆனால் ஊருக்குள் அந்த மரத்தைத் தேடினால் எனக்குத் தெரிந்து கிடைக்காது. பிச்சாவரத்துச் சேற்றுக்குத்தான் போக வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லி எத்தனையோ பேரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். எங்கள் ஊர்ப் பேர் முளைத்திருக்கிற அந்தக் கரையிலேயே என் வீட்டுக்கு மருமகனும் வருவான் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

யார் வீட்டுக்கு யார் போவது

என் மகள் பேர் கயல்விழி. வெங்காயம்கூடப் பார்த்துப் பார்த்துச் சேர்க்கிற வீடு எங்களுடையது. மீன் வாசனை தெருக்கோடியில் வந்தாலே ஜன்னலைச் சாத்துகிற மனிதர் இவர். அவர்தான் பெண்ணுக்கு மீன் பேராகப் பார்த்து வைத்தார். அன்றைக்கே கடல் கணக்குப் போட்டுவிட்டது என்று நான் அடிக்கடி குத்திக்காட்டுவேன்.

கயலும் அஞ்சலாட்சி அம்மாளின் மகன் வேலுவும் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்தார்கள். அவன் இப்போது சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் இன்ஜினியர். அப்பா காத்தவராயன் கடலுக்குப் போகிறவர். பையன் பொறுமைசாலி. எங்கள் வீட்டுக்கு வந்து பேசிய அன்று, நான் பேசி முடிக்கும்வரை காத்திருந்துதான் காப்பி குடித்தான். ஆறிப்போயிருந்தது.

எனக்குப் பிடித்துவிட்டது. இவருக்குப் பையனைப் பிடித்திருந்தது, தெருவை நினைத்துப் பயம். நாலு வீதியிலும் சொந்தக்காரர்கள். யார் என்ன சொல்வார்களோ என்று ராத்தூக்கம் போயிற்று. ஆனாலும் கயல் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு நாள் சாப்பிடும்போது, “சரி, அவுங்களோட பேசிப் பாப்போம்” என்றார்.

பேசுவது எங்கே? அதில்தான் வந்தது சிக்கல். முறைப்படி அவர்கள்தான் பெண் பார்க்க எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். வந்தால் உள்ளே கூப்பிட்டு உட்காரவைப்பார்களா, வாசலிலேயே நிற்கவைத்துப் பேசி அனுப்பிவிடுவார்களா என்று அவர்களுக்குச் சந்தேகம். அந்தச் சந்தேகம் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் தெருவை எனக்குத் தெரியும். நாங்கள் தாழங்குடாவுக்குப் போகலாம் என்றால், பெண் வீட்டார் முதலில் போவதா என்று இவர் முறை பேசினார். அது சாக்கு. சாப்பிடச் சொன்னால் என்ன செய்வது என்பதுதான் உள்ளே இருந்த பயம். இப்படியே மாதங்கள் போயின. கயல் இளைத்துப் போனாள்.

ஒரு நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. உங்கள் வீடும் வேண்டாம், அவர்கள் வீடும் வேண்டாம், என் வண்டி இருக்கிறது என்றேன்.

சர்வர் மாதிரி அடுக்கினேன்

மாசி மகத்துக்குச் சாமியெல்லாம் கடலுக்கு வந்து போய்க் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. காலை வெயில் இதமாக இருந்தது. சில்வர் பீச்சில் சுண்டல் கடை போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் வேலுவும் அவன் அப்பா அம்மாவும் நின்றிருந்தார்கள். காத்தவராயன் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அஞ்சலாட்சி அம்மாள் பச்சைப் பட்டுப் புடவை. கையில் அந்தக் கேரியர்.

முன் சீட்டில் உட்காரச் சொன்னேன். சூரியன் எந்தப் பக்கம் என்று வெளியே எட்டிப் பார்த்துவிட்டு நேராகக் கடைசி சீட்டுக்குப் போய்விட்டார். எனக்குச் சுருக்கென்றது. எங்களோடு ஒட்ட மனசில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இவர் என் காதருகில் குனிந்து, கேரியரில் மீன் என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். வாசனையே சொல்கிறதே, கெட்டுப் போகாமல் இருக்கத்தான் ஈரத் துணி சுற்றியிருக்கிறார்கள் என்றார். பெரிய துப்பறியும் நிபுணர்.

வண்டி கிளம்பியது. மைக்கைத் தட்டினேன். பழக்க தோஷம், என்ன செய்வது. வணக்கம் சொல்லி ஆரம்பித்து ஒரே மூச்சில் அடுக்கினேன். இதோ இந்த மணலில் நண்டுகள், சாமியார்பேட்டையில் ஆமைக் குஞ்சுகள், பரங்கிப்பேட்டை முகத்துவாரத்தில் பூநாரைக் கூட்டம், பிச்சாவரத்தில் நீர்நாய்க் குடும்பம், எல்லாவற்றையும் இன்று பார்க்கப்போகிறோம் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவேனா?

“எல்லாத்துக்கும் மேல, சாயந்தரம் திரும்பும்போது ரெண்டு குடும்பமும் ஒரு நல்ல சேதியோட திரும்பப்போறோம். எல்லாரும் கைதட்டுங்க!”

கயல் தட்டினாள். வேலு பாதி தட்டி நிறுத்தினான். காத்தவராயன் “ம்க்கும்” என்று கனைத்துக்கொண்டு வெளியே பார்த்தார். அஞ்சலாட்சி அம்மாள் கேரியரை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முந்தானையை வாய்மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

அவ்வளவுதான். வண்டிக்குள் பேச்சு செத்துப்போனது. நான் மட்டும் பேசிக்கொண்டிருந்தேன்.

பூநாரை என்று நான் காட்டியது

நாள் சரியில்லை என்பார்களே, அதை அன்று கண்ணால் பார்த்தேன். சில்வர் பீச்சில் ஒரு நண்டு வெளியே வரவில்லை. படகு நிழலில் நாய்கள் தூங்கிக்கொண்டிருந்தன. அவற்றைக் காட்டி என்ன விளக்கம் சொல்வது?

சிப்காட் தாண்டி, புதுச்சத்திரத்தில் திரும்பி, சாமியார்பேட்டைக்குப் போனோம். பங்குனி ஆமை முட்டைகளை மணலில் புதைத்து வேலி கட்டி வைத்திருந்தார்கள். குஞ்சு பொரிக்க இன்னும் நாளாகும் என்று காவலுக்கு இருந்தவர் சொல்லிவிட்டார். நாங்கள் ஐந்து பேர் வேலியைப் பிடித்துக்கொண்டு வெறும் மணலைப் பார்த்தோம். இதற்குக் கீழேதான் தூங்குகின்றன என்று சொல்லிச் சமாளித்தேன். அஞ்சலாட்சி அம்மாள் அடிபம்பில் துண்டை நனைத்துப் பிழிந்து மறுபடியும் கேரியரைச் சுற்றிக்கொண்டிருந்தார். இவர் என்னைப் பார்த்து, பார்த்தாயா என்று கண்ணாலேயே கேட்டார்.

பரங்கிப்பேட்டை முகத்துவாரத்தில்தான் என் மானம் போனது. தூரத்தில் புதர்மேல் ரோஸ் நிறத்தில் ஏதோ அசைந்தது. எனக்கு உயிரே வந்துவிட்டது. பாருங்கள், பூநாரை, அதன் நிறமே அதுதான், காற்றில் இறக்கையை விரிக்கிறது பாருங்கள் என்று மைக் இல்லாமலே கத்தினேன்.

காத்தவராயன் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். காலையிலிருந்து முதல் தடவையாக வாய் திறந்தார்.

“அது நைட்டிங்க. தொவச்சிக் காயப்போட்டிருக்காங்க.”

கயல் சிரிப்பை அடக்க முடியாமல் வண்டிக்குப் பின்னால் ஓடிவிட்டாள். அவள் சிரித்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. அதனால் அந்த நைட்டியை நான் மன்னித்துவிட்டேன்.

ஒரு துண்டு போட்டால்

பிச்சாவரத்தில் படகுத்துறைக்குப் பக்கத்து மர நிழலில் சாப்பாடு. விடியற்காலையில் எழுந்து சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும் செய்து எடுத்துப் போயிருந்தேன். எங்கள் ஊர்க் கொத்சு மேல் எனக்கு ஒரு கர்வம் உண்டு. சுட்ட கத்தரிக்காய் மணம் வேனையே தூக்கும்.

அஞ்சலாட்சி அம்மாள் நன்றாகவே சாப்பிட்டார். இலையில் விரலைத் தட்டி இன்னும் கொஞ்சம் கொத்சு கேட்டார், அதையும் பேசாமல்தான் கேட்டார். காத்தவராயன் மூன்றாம் தடவை வாங்கிக்கொண்டார். ஆனால் அந்தக் கேரியர் மட்டும் மடியைவிட்டு இறங்கவில்லை.

கை கழுவப் போன இடத்தில் இவர் என்னைத் தனியாக இழுத்தார். முகம் வெளுத்திருந்தது.

“அந்தம்மா நம்ம முன்னாடி தொறக்கக் கூச்சப்படுறாங்க. நாமதான் சைவம்னு தெரியும்ல. வெச்சுக்கிட்டுக் குடுக்க முடியாம தவிக்கிறாங்க. நீ போயித் தொறக்கச் சொல்லு.”

தொறந்தா என்ன பண்ணுவீங்க என்று கேட்டேன்.

“ஒரு துண்டு மீன் போட்டாங்கன்னா வேணாம்னு சொல்ல மாட்டேன். சாப்பிட்டுடுறேன். காலையிலேருந்து மனச தேத்திக்கிட்டுதான் வர்றேன்.”

இத்தனை வருஷம் இந்த மனிதரோடு சண்டை போட்டிருக்கிறேன். கருவாடு விற்கிற வண்டி தெருவில் போனால் தலைவலி என்று படுத்துக்கொள்கிறவர். பெண்ணுக்காக அந்தக் கேரியரைப் பார்த்துப் பார்த்து மூச்சை அடக்கப் பழகிக்கொண்டு வந்திருக்கிறார். எனக்கு அழுகை முட்டியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, குழாயை ஒழுங்காக மூடுங்கள் என்று அதட்டினேன்.

நான் போய்த் திறக்கச் சொல்லவில்லை. என்னவோ தைரியம் வரவில்லை.

ஆரஞ்சுச் சட்டை

படகில் ஏற வேண்டுமானால் எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போட வேண்டும். விதி. காத்தவராயனிடம் ஒன்றை நீட்டியதும் அவர் அதை ஏதோ பாம்புச் சட்டையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறந்ததிலிருந்து கடலில் கிடக்கிற மனிதர். இடுப்பளவு உப்பங்கழியில் போக மிதவைச் சட்டையா? முடியவே முடியாது என்றார். வேலு கெஞ்சினான். கடைசியில், தன் ஊர்க்காரன் எவனாவது இங்கே இருக்கிறானா என்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு மாட்டிக்கொண்டார். மாட்டியதும் குடையை விரித்து அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

இவர் கதை நேரெதிர். தண்ணீர் என்றாலே நடுக்கம். கோயில் சிவகங்கைக் குளத்தில்கூட மேல்படியிலேயே நின்று தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு வந்துவிடுவார். ஜாக்கெட்டின் எல்லா வாரையும் இறுக்கிக் கட்டி, இன்னொரு ஜாக்கெட் கிடைக்குமா என்று கேட்டார்.

படகு அசைந்ததும் பக்கத்தில் எது கிடைத்ததோ அதைப் பிடித்தார். அது காத்தவராயனின் கை. பிறகு விடவே இல்லை. அவரும் உதறவில்லை. குடையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

சுரபுன்னைக் காட்டுக்குள் படகு நுழைந்தது. இரண்டு பக்கமும் வேர்கள் தண்ணீருக்குள் கால் ஊன்றி நின்றன. மேலே கிளைகள் கவிந்து வெளிச்சம் பச்சையாக விழுந்தது. ஒரு கொக்குகூட இல்லை.

திடீரென்று இவர், பயத்திலோ பாசத்திலோ, கேட்டே விட்டார்.

“அப்ப… எங்க பொண்ணு விஷயமா என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?”

அஞ்சலாட்சி அம்மாள் இவரை ஒரு தடவை பார்த்தார். பிறகு முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். காத்தவராயன் குடையைத் தாழ்த்தினார். கயலின் கண் நிறைந்து வழியத் தொடங்கியது.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. பிடிக்கவில்லையென்றால் பிடிக்கவில்லை என்று சொல்லட்டுமே, இப்படி முகத்தைத் திருப்புகிற அளவுக்கு என் பெண் என்ன குறைந்துபோனாள்? கேட்டுவிடுவது என்று வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து வேலு என் தோளைத் தொட்டான்.

“ஆன்ட்டி, கோச்சுக்காதீங்க. எங்க ஊருல கடலுக்குப் போறவங்ககிட்ட என்னா புடிச்சிட்டு வருவன்னு யாரும் கேக்க மாட்டாங்க. போறவங்களும் சொல்ல மாட்டாங்க. பேரச் சொல்லிட்டா அது கெடைக்காது. ரொம்ப வேணுங்கற காரியம் எதுவா இருந்தாலும் எங்கம்மாவுக்கு அப்படித்தான். நான் காலேஜ் சேரப் போன அன்னிக்கி, சீட்டு கெடச்சு வூட்டுக்கு வர்ற வரைக்கும் எங்கிட்டப் பேசவே இல்ல. கரைக்கு வந்தாத்தான் பேச்சு.”

இதைக் காலையிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

“சொல்லலாம்னுதான் பாத்தேன். நீங்க எங்க கேப் வுட்டீங்க?”

வாய் மூடிய நேரம்

காலையில் மைக்கில் நான் அடுக்கியது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. நண்டைச் சொன்னேன், வரவில்லை. ஆமையைச் சொன்னேன், வரவில்லை. பூநாரையைச் சொன்னேன், நைட்டி வந்தது. எல்லாவற்றையும் சொன்னவள் கடைசியில் கல்யாணத்தையும் சொல்லித் தொலைத்திருக்கிறேன். அதுவும் கைதட்டச் சொல்லி.

எனக்கு இந்த மாதிரி நம்பிக்கையெல்லாம் கிடையாது. ஆனால் அந்த நேரத்தில் அதையெல்லாம் சோதித்துப் பார்க்கிற நிலைமையில் நான் இல்லை. வாயை மூடினேன். வேலு மெதுவாகக் கயலிடமும் சொல்லியிருக்க வேண்டும். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

நான் பேசாமல் இருந்தால் இந்தக் காடு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கேட்டேன். இத்தனை வருஷமாக வந்து போகிறேன், சேற்றில் குமிழி உடைகிற சத்தம்கூட ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. சின்னச் சின்ன நண்டுகள் ஒற்றைக் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு கரையெங்கும் வந்தன. ஒரு மீன்கொத்தி தலைக்குமேல் நீலமாகப் போயிற்று. சொல்ல நாக்கு துடித்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

இவர்தான் முதலில் பார்த்தார். காத்தவராயனின் கையை விடாமல், மற்றொரு கையால் என் முழங்கையைக் குத்தினார்.

வேருக்கு அடியிலிருந்து ஒரு நீர்நாய் தலையை நீட்டியது. பின்னால் இன்னொன்று. அப்புறம் குட்டிகள், ஒன்றின்மேல் ஒன்று சறுக்கிக்கொண்டு. பெரியது ஒரு மீனை இரண்டு கையாலும் பிடித்துக் கடித்துத் தின்றுகொண்டே எங்களைப் பார்த்தது. மீசையில் தண்ணீர் சொட்டியது. படகுக்காரர் துடுப்பை நிறுத்திவிட்டார்.

திரும்பிப் பார்த்தேன். அஞ்சலாட்சி அம்மாள் கேரியரைத் தாடைக்குக் கீழே அணைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்போடு என்னைப் பார்த்தார். நானும் சிரித்தேன். உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார்.

கரை

படகு துறைக்கு வந்தது. காத்தவராயன் முதலில் இறங்கி, முதல் காரியமாக அந்த ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றிப் போட்டார். பிறகு இவரைக் கைபிடித்து இறக்கினார். அஞ்சலாட்சி அம்மாள் இறங்கிப் புடவையை உதறிவிட்டுக்கொண்டு, கால் இரண்டையும் தரையில் நன்றாக ஊன்றி நின்றார். படகுக்காரர் கயிறு கட்டி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு என்னைப் பார்த்து, “இப்பக் கேளுங்க” என்றார்.

நாள் முழுக்க மைக் பிடித்தவள் நான். ஒரு வார்த்தை வரவில்லை. கயல் என் கையைப் பிடித்திருந்தாள், அவள் விரல்கள் ஜில்லென்று இருந்தன. இவரைப் பார்த்தேன். இவர் கேரியரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. துறையின் சிமெண்டுத் திட்டில் கேரியரை வைத்து, துண்டை அவிழ்த்து, கொக்கியை நீக்கினார். நாள் முழுக்க மூடியிருந்த மேலடுக்கு திறந்தது.

மல்லிகை. வாழையிலையில் சுற்றி, நெருக்கமாகக் கட்டிய மல்லிகை, நடுநடுவே கனகாம்பரம். காலையில் பறித்த மாதிரி இருந்தது. அதற்குக் கீழடுக்கில் வெற்றிலை பாக்கும் மஞ்சளும் குங்குமமும். அடுத்ததில் வாழைப்பழம், அடங்காமல் அமுக்கி வைத்துக் கொஞ்சம் நசுங்கியிருந்தது. கடைசியில் சர்க்கரை.

வீட்டை விட்டுக் கிளம்பும்போதே முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். வெயில் படாமல் கடைசி சீட்டில் உட்கார்ந்ததும், துண்டை நனைத்து நனைத்துச் சுற்றியதும் பூ வாடக்கூடாது என்றுதான்.

“திரும்பு தாயீ” என்று கயலின் தலையைத் திருப்பி, பூவை வைத்தார். எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. துறையில் டிக்கெட் வாங்க நின்ற கூட்டமெல்லாம் பார்த்தது. பார்க்கட்டும்.

இவர் மட்டும் அடுக்கு அடுக்காக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து சேர்த்து வைத்த தைரியத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை பாவம், வாயில் வந்துவிட்டது.

“மீன் இல்லையா?”

மல்லிகையை மோந்துவிட்டு மீன் என்று சொன்ன மூக்கு. நான் தலையில் அடித்துக்கொண்டேன். வேலுவும் கயலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அஞ்சலாட்சி அம்மாள் இவரை மேலும் கீழும் பார்த்தார். என்னிடம் திரும்பி, இவர் சைவமில்லையா என்று புருவத்தாலேயே கேட்டார். நான் நடந்ததை இரண்டு வரியில் சொன்னேன், ஒரு துண்டு போட்டால் சாப்பிட்டுவிடுவேன் என்று இவர் சொன்னதை. அந்த அம்மாள் முந்தானையால் கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அதுக்கென்னா சம்மந்தி” என்றார். “வூட்டுக்கு வாங்க, வெச்சித் தர்றேன்.”

யார் வீட்டுக்கு யார் முதலில் போவது என்று மாதக்கணக்கில் முறை பேசிய மனிதர், இந்தத் தடவை என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஜாக்கெட்டை இன்னும் கழற்றாமல், காத்தவராயனின் கையை இன்னும் விடாமல் நின்றிருந்தார்.

“வர்றோம் சம்மந்தி” என்றார்.